சண்டை ஜப்பானில், கதை ஆக்லாந்தில்

ஆக்லாந்து நகரின் தென்மேற்கு ஓரத்தில், மனுகாவ் துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் புறநகர் லின்ஃபீல்ட். கடல் உள்வாங்கினால் சேற்றுத்தரை தெரியும். மேட்டில் வீடுகள், அவற்றில் இந்தியக் குடும்பங்கள் நிறைய. இங்கே வளரும் பிள்ளைகளுக்கு, ‘பவர் ரேஞ்சர்ஸ்’ தொடரைப் பார்க்கும்போது ஒரு சலுகை உண்டு. திரையில் ‘ப்ளூ பே ஹார்பர்’ என்ற கலிஃபோர்னியா ஊராக வருவது தங்கள் ஆக்லாந்துதான் என்று கண்டுபிடித்துவிடலாம். 2003 முதல் 2023 வரை வெளிவந்த பகுதிகள் படமானது இந்த நகரத்தில்தான்.

ஆனால் அந்த ஊரைக் காப்பாற்ற எழுந்து நிற்கிறதே ராட்சத ரோபோ, அது மட்டும் ஆக்லாந்தைப் பார்த்தது அரிது. பெரும்பாலான காட்சிகளில் அது சண்டை போட்டது ஜப்பானில், டோயே நிறுவனத்தின் படப்பிடிப்புத் தளத்தில், குட்டிக் குட்டியாகச் செய்து அடுக்கிய கட்டடங்களுக்கு நடுவே.

சண்டை ஒரு நாட்டில், கதை இன்னொரு நாட்டில். இரண்டையும் எடிட்டிங் மேசையில் ஒட்டினால் ஒரு அத்தியாயம். கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் ராட்சத ரோபோக் கதை எழுதும் எவருக்கும் உள்ள தலைவலியை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் கிடைப்பது கஷ்டம். ஜப்பானில் ‘மெக்கா’ என்று அழைக்கப்படும் இந்த வகையில் சண்டை மிஞ்சினால் தொடர் பொம்மை விளம்பரமாகிவிடும். உணர்ச்சி மிஞ்சினால், “ரோபோ எப்ப வரும்?” என்று பிள்ளை நச்சரிக்கும். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது?

ஹெல்மெட் செய்த உதவி

1970-களில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் ராட்சத ரோபோ என்றால் முதலில் ஞாபகத்துக்கு வந்தது கார்ட்டூன்தான். 1972-ல் கோ நாகாய் படைத்த ‘மாஸிங்கர் இஸட்’ ஒரு புதுமையைக் கொண்டுவந்தது. அதில் நாயகன் வெளியே நின்று ரோபோவை ஏவுவதில்லை; அதன் தலைக்குள் ஏறி உட்கார்ந்து ஓட்டுகிறான். ரோபோ அடி வாங்கினால் உள்ளே இருக்கிற மனிதனுக்கு வலிக்கும். மெக்கா கதைகளில் உணர்ச்சி நுழைந்த வாசல் அந்த இருக்கைதான்.

நடிகர்கள் நடிக்கும் தொடர்களுக்கு ரோபோ வந்த வழி இன்னும் சுவாரசியமானது. 1978-ல் டோயே நிறுவனம் ஜப்பானியருக்காக ஒரு ‘ஸ்பைடர்மேன்’ தொடர் எடுத்தது. அந்த ஸ்பைடர்மேனுக்குச் சொந்தமாக ஒரு ராட்சத ரோபோ இருந்தது. அது நன்றாக எடுபடவே, 1979-ல் ‘பேட்டில் ஃபீவர் ஜே’ என்ற தொடரில் வண்ண உடை வீரர்களுக்கும் ஒரு ரோபோவைக் கொடுத்தார்கள். ‘சூப்பர் சென்டாய்’ என்ற வரிசை 1975-லேயே தொடங்கிவிட்டாலும், ரோபோ அதில் நிரந்தர உறுப்பினர் ஆனது அதற்குப் பிறகுதான்.

இந்தத் தொடர்களை ஜப்பான் பயணத்தில் ஹோட்டல் அறைத் தொலைக்காட்சியில் பார்த்தவர் தயாரிப்பாளர் ஹைம் சபான். அமெரிக்கச் சேனல்கள் பல ஆண்டுகள் அவரைத் திருப்பி அனுப்பின. கடைசியில், 1992-ல் ஜப்பானில் வந்த ‘ஸ்யூரேஞ்சர்’ தொடரின் சண்டைகளை எடுத்துக்கொண்டு, 1993 ஆகஸ்ட் 28-ல் ‘மைட்டி மார்ஃபின் பவர் ரேஞ்சர்ஸ்’ வெளிவந்தது. ஜப்பானியத் தொடரின் வீரர்கள் 17 கோடி ஆண்டு உறங்கி எழுந்த பழங்குடிகள். அமெரிக்காவில் அவர்களுக்குப் பதில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள். உறக்கமும் புராணமும் போய், வீட்டுப்பாடமும் பழச்சாற்றுக் கடையும் வந்தன.

இந்த மாற்றம் சாத்தியமானதற்குக் காரணம் ஹெல்மெட். முகம் தெரியாது, வாய் அசைவதும் தெரியாது. எந்த வசனத்தையும் பேசவைக்கலாம். ஸ்யூரேஞ்சரில் மஞ்சள் வீரர் ஓர் ஆண். பவர் ரேஞ்சர்ஸில் அந்த உடைக்குள் இருப்பது ட்ரினி என்ற பெண். இளஞ்சிவப்பு உடைக்குப் பாவாடை இருக்க, மஞ்சளுக்கு மட்டும் ஏன் இல்லை என்று யோசித்த பிள்ளைகளுக்கு இதுதான் பதில்.

சண்டை நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. 1994-ல் நியூசிலாந்தின் ஒளிபரப்புத் தர ஆணையத்திடம், வன்முறை மிஞ்சிவிட்டது என்று புகார்கள் போயின. தொடரின் ஒளிபரப்பு அங்கே நிறுத்தப்பட்டது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, உரிமையை வாங்கிய டிஸ்னி அதே தொடரைப் படமெடுக்க நியூசிலாந்துக்கே வந்து இறங்கியது.

குவாரி இங்கேயும் உண்டு

2003-ல் ‘நிஞ்சா ஸ்டார்ம்’. அடுத்த ஆண்டு ‘டினோ தண்டர்’. பிறகு ஏறக்குறைய ஆண்டுக்கு ஒன்று. உள்ளூர் நடிகர்களும் ஆஸ்திரேலிய நடிகர்களும் அமெரிக்க உச்சரிப்பில் பேசினார்கள். ஜப்பானியச் சண்டைகள் பெரும்பாலும் கல்குவாரியில் நடக்கும், ஏனென்றால் வெடி வைக்க வசதியான இடம் அதுதான். ஆக்லாந்துக் குழுவுக்கும் குவாரி தேவைப்பட்டது. வீரர் ஜப்பானியக் குவாரியில் தாவி ஆக்லாந்துக் குவாரியில் தரை இறங்குவார். வானத்தின் நிறம் மாறியிருப்பதைக் கூர்ந்து பார்ப்பவர்கள் மட்டும் கவனிப்பார்கள்.

இந்தத் தையல் வேலையின் தலைமைத் தையற்காரர்களில் ஒருவர் கோய்ச்சி சகமோட்டோ. ஜப்பானில் பிறந்து, ஸ்டன்ட் கலைஞராக அமெரிக்காவுக்குப் போய், நியூசிலாந்தில் இந்தத் தொடரின் நிர்வாகத் தயாரிப்பாளராக இருந்தவர். 2009-க்குப் பிறகு ஜப்பான் திரும்பி, 2013-ல் ‘கியோரியூஜர்’ என்ற சென்டாய் தொடரின் முதன்மை இயக்குநரானார். 2015-ல் அந்தச் சண்டைகள் ‘டினோ சார்ஜ்’ என்ற பெயரில் ஆக்லாந்துக்கு வந்து சேர்ந்தன.

தங்கள் வேலையில் உள்ள வேடிக்கை ஆக்லாந்துக் குழுவினருக்கும் தெரியாமல் இல்லை. 2004-ன் ‘டினோ தண்டர்’ தொடரில் ஒரு முழு அத்தியாயம், ரேஞ்சர்கள் சோபாவில் உட்கார்ந்து தங்களைப் பற்றிய ஜப்பானியத் தொடர் ஒன்றைப் பார்ப்பதாக எழுதப்பட்டது. அவர்கள் பார்த்தது வேறெதுவுமில்லை. அவர்களுடைய சண்டைகளுக்கு மூலமான ‘அபாரேஞ்சர்’தான்.

தையல் எங்கே பிடித்தது, எங்கே பிரிந்தது என்று பார்த்தால் கதைக்கலையின் ஒரு விதி தென்படுகிறது. 2005-ல் ஜப்பானில் வந்த ‘மஜிரேஞ்சர்’ ஒரு குடும்பக் கதை. ஐந்து வீரர்களும் உடன்பிறந்தவர்கள். எதிரிப் படையின் கறுப்புக் கவச வீரன் அவர்களுடைய அப்பா. 2006-ல் ஆக்லாந்தில் அது ‘மிஸ்டிக் ஃபோர்ஸ்’ ஆனபோது உடன்பிறப்புகளில் பெரும்பாலோர் நண்பர்களானார்கள். ஆனால் நாயகனுக்கும் கவச வீரனுக்கும் உள்ள அப்பா-மகன் உறவில் மட்டும் கை வைக்கவில்லை. அதனால் அவர்கள் மோதும்போது வாள் வீச்சுக்குக் கனம் இருக்கிறது. யார் ஜெயிப்பார் என்பதல்ல கேள்வி. ஜெயித்தால் எதை இழப்பார் என்பதே கேள்வி.

இந்த இருபது ஆண்டில் மிகத் துணிச்சலான முயற்சி 2009-ன் ‘ஆர்.பி.எம்.’ அதற்கு மூலமான ஜப்பானியத் தொடர் ‘கோ-ஆன்ஜர்’, சிரிப்புச் சரவெடி. அதில் வரும் வண்டிகளுக்குப் பெரிய கார்ட்டூன் கண்கள். வாய் திறந்து அரட்டையும் அடிக்கும். ஆக்லாந்துக் குழு அந்தச் சண்டைகளை வைத்துக்கொண்டு உலகம் அழிந்த கதை எழுதியது. ஒரு கணினி வைரஸ் பூமியைப் பாலைவனமாக்கிவிட்டது. மிச்சமிருப்பது கூரை மூடிய ஒரே நகரம், காரிந்த். தப்பி ஓடியவன், நினைவு இழந்தவன், பணக்கார வீட்டில் ஊதாரியாக வளர்ந்து எல்லாவற்றையும் இழந்த பெண் என்று கதாபாத்திரங்கள். அந்தப் பெண்ணாக நடித்தவர் ஆக்லாந்துக்காரரான ரோஸ் மெக்கைவர்.

அழிந்த உலகத்தில் முழிக்கும் கண்களோடு ஒரு ரோபோ வந்தால் பார்ப்பவர் சிரித்துவிடுவாரே? குழு அதை மூடி மறைக்கவில்லை. அந்த வண்டிகளுக்கு ஏன் இவ்வளவு பெரிய கண்கள் என்று ஒரு கதாபாத்திரமே கேட்கிறது. உருமாறும்போது பின்னால் ஏன் வெடிக்கிறது என்றும் கேட்கிறது. வடிவமைத்த விஞ்ஞானி டாக்டர் கே முகம் மாறாமல் தொழில்நுட்ப விளக்கம் கொடுக்கிறாள். அவள், குழந்தைப் பருவம் முழுக்க ஆய்வுக்கூடத்தில் பூட்டிவைத்து வளர்க்கப்பட்ட பெண். உலகை அழித்த வைரஸை எழுதியதும் அவள்தான் என்பது போகப் போகத் தெரிகிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ரோபோச் சண்டையும் அவளுடைய பிராயச்சித்தம். ஜப்பானில் படமான காட்சி அதேதான். மாறியது, அதைப் பார்ப்பவர் மனதில் இருக்கும் கணக்கு.

அன்னாசி சாலட்

சரி, சண்டையையும் கதையையும் ஒரே கை வரையும் அனிமேயில் இந்தச் சிக்கல் இருக்காதே என்று தோன்றலாம். அங்கேயும் இருந்தது. தையல் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பொம்மை நிறுவனங்கள் பணம் போட்ட தொடர்கள் அவை. வாரம் ஒரு சண்டை வேண்டும் என்பது எழுதாத சட்டம். 1979 ஏப்ரலில் தொடங்கிய ‘மொபைல் சூட் கண்டம்’ தொடரில் இயக்குநர் யோஷியுகி டோமினோ அந்தச் சட்டத்தை மீறவில்லை. சண்டையின் அர்த்தத்தை மாற்றினார். நாயகன் அமுரோ வீரனல்ல. அகதிகளை ஏற்றிக்கொண்டு ஓடும் கப்பலில், வேறு ஆள் இல்லாததால் ரோபோவில் ஏற்றப்பட்ட பையன். 13-வது அத்தியாயத்தில் வெகுநாள் கழித்து அம்மாவைப் பார்க்கப் போகிறான். எதிரிச் சிப்பாய்கள் தேடி வர, துப்பாக்கியால் சுடுகிறான். அம்மா நடுங்கிப்போகிறாள், தன் பிள்ளை மனிதரைச் சுடுகிறவனாகிவிட்டானே என்று. அந்த அத்தியாயத்தின் உண்மையான மோதல் அந்த இருவருக்கும் இடையில்தான்.

பார்வையாளர் எண்ணிக்கை போதவில்லை. 52 அத்தியாயங்களாகத் திட்டமிட்ட தொடரை 43-லேயே முடித்தார்கள். அதன் பிறகுதான் பண்டாய் நிறுவனத்தின் பிளாஸ்டிக் மாதிரிப் பொம்மைகளும், தொகுத்து வெளியிட்ட மூன்று திரைப்படங்களும் கண்டத்தைத் தூக்கி நிறுத்தின. விற்பனைக்காகக் கதையில் சேர்த்த சில பொம்மைத்தனமான இணைப்பு வாகனங்களை அந்தப் படங்களில் மாற்றிவிட்டார்கள்.

1982-ல் வந்த ‘மேக்ராஸ்’ இன்னொரு வழியைப் பிடித்தது. போர் விமானம் ரோபோவாக மாறும். அதே கதையில் லின் மின்மே என்ற பாடகியும், இரண்டு பெண்களுக்கு நடுவே தவிக்கும் விமானியும் உண்டு. போரைத் தவிர எதுவும் அறியாத ராட்சத வேற்றுக்கிரகத்தாரை அவளுடைய பாட்டு நிலைகுலைய வைக்கிறது. பாட்டு இடைவேளைக்கு வருவதல்ல, அதுவே ஆயுதம். பாட்டும் சண்டையும் தனித்தனிப் பெட்டிகளில் வரும் சினிமாவைப் பார்த்துப் பழகிய தமிழ் ரசிகருக்கு இந்த உத்தியின் அருமை சட்டென்று புரியும். பெரும் போர் முடிவது 27-வது அத்தியாயத்தில். தொடர் 36 வரை போகிறது. எரிந்த பூமியில் பிழைத்தவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதற்கே மீதி.

அதே தொடரில், மூத்த விமானி ராய் ஃபோக்கர் சண்டை முடிந்து காதலி வீட்டுக்கு வருகிறான். அவள் அன்னாசி சாலட் செய்துகொண்டிருக்கிறாள். அவன் கிட்டார் மீட்டுகிறான். காயம் பட்டிருப்பதைச் சொல்லவில்லை. சாலட் தயாராகும் முன்பே சரிந்துவிடுகிறான். குண்டு பட்டது சண்டையில். அது வலிக்கத் தொடங்குவது சமையலறையில். 1985-ல் இந்தத் தொடரை வேறு இரண்டு தொடர்களோடு ஒட்டி, ‘ரோபோடெக்’ என்ற பெயரில் 85 அத்தியாயங்களாக அமெரிக்காவில் வெளியிட்டபோது அந்த மரணத்தை வெட்டவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு ‘கோலையன்’ என்ற தொடர் ‘வோல்ட்ரான்’ ஆனபோது நடந்தது நேர்மாறு. ஜப்பானில் இறந்துபோன வீரன், அமெரிக்காவில் சிகிச்சைக்காக வேறொரு கிரகத்துக்கு அனுப்பப்பட்டான். சண்டை இருந்தது, விலை மட்டும் கழிக்கப்பட்டது.

தராசின் மறுதட்டை அதிகம் சாய்த்தவர் ஹிடேயாகி அன்னோ. 1995 அக்டோபரில் தொடங்கிய ‘நியான் ஜெனிசிஸ் எவாஞ்சலியன்’ தொடரில், ரோபோவின் முதுகில் ஒரு மின்கம்பி இருக்கும். அது அறுந்தால் உள்ளே இருக்கும் மின்சாரம் ஐந்து நிமிடம்தான் தாங்கும். கடிகாரம் ஓடும், சண்டைக்குப் பரபரப்பு கிடைக்கும். அதே கம்பி, 14 வயது ஷிஞ்சி மற்றவர்களைச் சார்ந்தே நிற்கிறான் என்பதையும் சொல்லாமல் சொல்லும். இப்படி ஒரே பொருளில் இரண்டையும் கட்டத் தெரிந்தவர், லிஃப்டில் இரண்டு பெண்கள் ஒரு வார்த்தை பேசாமல் நிற்பதை அசையாத ஒரே சட்டகமாக நெடுநேரம் காட்டவும் துணிந்தார். கடைசி இரண்டு அத்தியாயங்களில் ரோபோச் சண்டையே இல்லை. ஷிஞ்சியின் மனதுக்குள் கேள்வி பதில்தான். ரசிகர்களில் ஒரு பகுதியினர் கொதித்தார்கள். 1997-ல் வேறொரு முடிவு திரைப்படமாக வந்தது. அதில் சண்டை இருந்தது; ஆனால் ஆறுதல் இல்லை.

இந்த எவாஞ்சலியனுக்கும் நியூசிலாந்துக்கும் ஒரு நிறைவேறாத உறவும் உண்டு. 2003-ல் அதை நடிகர்களை வைத்துப் படமாக்கப் போவதாக அறிவிப்பு வந்தபோது, வெலிங்டனின் வெட்டா வொர்க்‌ஷாப் அதில் பங்கெடுத்தது. ஓவியங்கள் வந்தன. படம் வரவில்லை.

பொன்னுருவியின் இரவு

சண்டைக்கும் கதைக்கும் நிமிடக் கணக்கு போடுபவர்கள் உண்டு. பாதிக்குப் பாதி வைத்தால் சமநிலை என்று அவர்கள் நினைக்கலாம். மேலே பார்த்த தொடர்கள் அப்படிச் சொல்லவில்லை. தமிழர்களுக்கு இது புதிய செய்தியும் அல்ல. தெருக்கூத்தில் ‘கர்ண மோட்சம்’ பார்த்தவர்களைக் கேட்டால் தெரியும். அர்ச்சுனனோடு மோதல் விடியும் தறுவாயில்தான். அதற்கு முன், போருக்குப் புறப்படும் கர்ணனும் அவன் மனைவி பொன்னுருவியும் பேசும் பேச்சுக்கே இரவில் பெரும்பங்கு போகும். பிறப்பைச் சொல்லி அவனை இகழ்ந்தவள், உண்மை தெரிந்து தவிக்கும்போது கூட்டம் தூக்கத்தை மறக்கிறது. அம்பு பாயும்போது எல்லோருக்கும் தெரியும், யார் வீட்டில் விளக்கு அணைகிறது என்று.

2010-ல் வந்த ‘எந்திரன்’ படத்தையே எடுத்துக்கொள்வோம். நூற்றுக்கணக்கான சிட்டி ரோபோக்கள் சேர்ந்து உருண்டையாகவும் பாம்பாகவும் ராட்சத மனிதனாகவும் மாறும் கடைசிச் சண்டைக்குத் தியேட்டர் விசிலடித்தது. ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் மனதில் நின்ற காட்சி வேறு. தீர்ப்புக்குக் கட்டுப்பட்டு, சிட்டி தன் உறுப்புகளைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்றி வைக்கும் காட்சி அது. அங்கே இயந்திரத்தின் அசைவும் உணர்ச்சியும் ஒன்றுதான், பிரிக்க முடியாது.

அண்மைக் கால அனிமேயில் இதற்கு நல்ல உதாரணம், 2022-ல் தொடங்கிய ‘விட்ச் ஃப்ரம் மெர்குரி’ என்ற கண்டம் தொடர். கூச்ச சுபாவமுள்ள சுலெட்டா என்ற பெண், பள்ளியில் ரோபோப் போட்டிகளில் ஜெயித்து மியோரினே என்ற தோழியை நெருங்குகிறாள். பதினொரு அத்தியாயம் அந்த நட்பு வளர்கிறது. பன்னிரண்டாவதின் முடிவில் தோழியைக் கொல்ல வந்தவனை ரோபோவின் கையால் ஓங்கி அடித்து நசுக்குகிறாள். இரத்தம் தெறித்த தரையில், எப்போதும் போலச் சிரித்துக்கொண்டே கை நீட்டுகிறாள். சண்டை சில நொடிதான். ஆனால் பதினொரு அத்தியாயங்களின் நட்பு அந்த நொடியில் வேறொன்றாகிவிட்டது.

ஆக, சண்டை முடிந்தபின் யாருடைய உறவாவது, நம்பிக்கையாவது, மனச்சாட்சியாவது இடம் மாறியிருக்க வேண்டும். பேச்சு முடிந்தபின் அடுத்த சண்டை முன்பு போல் நடக்க முடியாததாக இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் பக்கத்துப் பக்கத்தில் ஓடினால், பிள்ளைகள் பேச்சுக் காட்சியை ஓட்டிவிட்டு ரோபோவுக்குத் தாவுவார்கள். பெரியவர்கள் ரோபோ வந்ததும் காபி போட எழுந்துபோவார்கள். பவர் ரேஞ்சர்ஸின் சாதாரண அத்தியாயங்கள் பலவற்றில் நடந்தது அதுதான். ஆர்.பி.எம்.மில் நடக்காமல் போனதும் அதுதான்.

ஆக்லாந்தின் கதை 2023-ல் முடிந்தது. டிஸ்னியிடமிருந்து சபான், சபானிடமிருந்து ஹாஸ்ப்ரோ என்று கை மாறிய தொடரின் கடைசிப் பகுதி, ‘காஸ்மிக் ஃப்யூரி’, அந்த ஆண்டு செப்டம்பர் 29-ல் நெட்ஃபிளிக்ஸில் வெளியானது. நியூசிலாந்துக்காரரான சைமன் பென்னட் நிர்வாகத் தயாரிப்பாளர். முப்பது ஆண்டு வரலாற்றில் முதல் முறையாக, ஜப்பானிய உடைகளை விட்டுவிட்டுத் தங்களுக்கென்று புதிய உடைகளைச் செய்துகொண்டார்கள். தரையில் நடக்கும் சண்டைகளை அந்த உடைகளிலேயே தாங்களாகவே எடுத்தார்கள். ராட்சத ரோபோ வானத்தில் எழும்போது மட்டும், 2017-ல் ஜப்பானில் ‘கியூரேஞ்சர்’ தொடருக்காக எடுத்த காட்சிகள் வந்து ஒட்டிக்கொண்டன.